காலிக் கட்டங்களில் நான் அடித்த பூஜ்யங்கள்

திரையில் ஒரு சிவப்புக் கோடு இடது மூலையில் உயரமாக ஆரம்பித்து, வலது மூலைக்கு வருவதற்குள் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது.

உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்த விவசாயிகள் அத்தனை பேரும் அந்தக் கோட்டைத்தான் பார்த்தார்கள். நான் முதல் வரிசையில் மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தேன். மழை குறைவதைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று வீட்டுக்காரர் காலையில் கேட்டார். "மேடையில பேரு சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

சொன்னார்கள். இந்த ஆய்வை நடத்திய புவியியல் பேராசிரியை ஜெசிந்தா மேடம் மைக்கைப் பிடித்து, "இந்தக் கோட்டுக்குப் பின்னாடி ஆயிரக்கணக்கான நாளோட மழை இருக்கு. அத்தனையையும் ஒத்தை ஆளா உக்காந்து டைப் பண்ணுனவங்க இங்க இருக்காங்க" என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கைதட்டினார்கள். நான் திரும்பி, தேர்தலில் நிற்பவள் மாதிரி மூன்று பக்கமும் கும்பிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் வேலுச்சாமி கைதட்டவில்லை. உடுமலைக்குத் தெற்கே, காற்றாலைகளைத் தாண்டி, அவருக்கு ஏழு ஏக்கர் தென்னந்தோப்பு. டாக்டர் தூக்கிக் காட்டும் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே, "அப்ப வித்துப்போடலாம் அம்மிணி" என்றார்.

"அதத்தானுங்கண்ணா நானும் ஒரு வருசமாச் சொல்லிட்டிருக்கறேன்" என்றேன். ஜெயித்த குரலில்தான் சொன்னேன். அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கும் என் வீட்டுக்காரருக்கு ஒரு குறை. "பூராவும் நீ மத்தவங்க தப்பக் கண்டுபுடிச்ச கதையாவே இருக்குது" என்கிறார். நியாயம்தான். தப்புக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்கு அத்தனை வருடம் சம்பளம் கொடுத்தார்கள். அதனால் இந்த வாரம் என் தப்பு.

அம்பு ஸ்டிக்கர்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தைத்து முடித்த டி-ஷர்ட்டுகள் செக்கிங் மேசைக்கு மலை மாதிரி வரும். மேலே டியூப்லைட். கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று ஒரே ஓட்டத்தில் கண்ணை ஓட்ட வேண்டும். எங்கேயாவது ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட வேண்டும். அதைச் சரிசெய்ய ஆல்ட்ரேசனுக்குப் போய்விடும். ஸ்டிக்கர் இல்லாத பீஸ் நல்ல பீஸ்.

எதுவும் ஒட்டியிருக்காவிட்டால் எல்லாம் சரி. இந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு இருபது வருடத்துக்குப் பக்கமாக வாழ்ந்தேன். கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லாரும் பெண்ணின் நகையைப் பார்ப்பார்கள். நான் ஜாக்கெட் கையில் தையல் எங்கே விட்டிருக்கிறது என்று பார்ப்பேன்.

கண் மங்க ஆரம்பித்ததும் மாடியில் ஆபீசுக்கு மாற்றினார்கள். எந்தப் பெட்டியில் எந்த சைஸ், எந்தக் கலர் என்று பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் வேலை. தபால் வழியில் படித்த பி.காம். அப்போதுதான் உபயோகப்பட்டது. எண்களை மட்டும் மின்னல் வேகத்தில் அடிப்பேன். பிறகு ஆர்டர் குறைந்து, மாடியில் ஆளைக் குறைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து மகனுடைய சட்டைப் பொத்தான்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது: பழைய மழைப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேவை.

ஜெசிந்தா மேடம் திருநெல்வேலிப் பக்கம். பேச ஆரம்பிக்கும் முன்பே சிரித்துவிடுவார். "எண்ணுல தப்பு வரக் கூடாதும்மா. அது ஒண்ணுதான் முக்கியம்" என்றார்.

"என்ற கையில தப்பு வராதுங்க மேடம். நான் செக்கிங்குல இருந்தவ" என்றேன்.

நில்

உடுமலைப் பக்கத்தில் மழைமானி வைத்திருந்த அரசு அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் மேல் பெரிய தப்பு எதுவும் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

மழைமானி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அலுவலகத்துக்குப் பின்னால் திறந்தவெளியில் ஒரு உருளை, அதன் வாயில் புனல். தினமும் காலை எட்டரை மணிக்கு அதில் தேங்கியிருக்கும் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாதத்துக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு கட்டம். அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்குக் கொடுத்தார்கள். டீக்கறை, கரையான் தின்ற ஓரம், ஒரு பக்கத்தில் நசுங்கிய கொசு, எல்லாவற்றோடும்.

ரொம்பப் பழைய பக்கங்களில் மழை அங்குலத்தில் இருந்தது. அங்குலத்தை நூறாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். அதை மில்லிமீட்டராக மாற்றுவதற்கு மேடம் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். அதில் இன்று வரை ஒரு பிழை கண்டுபிடிக்கப்படவில்லை. கஷ்டமான இடத்தையெல்லாம் தாண்டிவந்து நான் விழுந்தது சமதரையில்.

அங்குலம் முடிந்து சில வருடங்கள் கழித்து ஒரு குமாஸ்தா வருகிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கையெழுத்து தெரியும். முத்து முத்தாக எழுதுவார். மழை பெய்யாத நாள் ஒவ்வொன்றுக்கும் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'நில்', அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதுவார். மார்ச் மாதத்தில் முப்பத்தொரு நாளும் நில், நில், நில். நானோ அதைத் தமிழாகப் படித்துச் சிரித்துக்கொண்டே பூஜ்யம் அடிப்பேன். மனிதர் அத்தனை வருடம் என்னைப் பார்த்து நில் நில் என்று சொல்லியிருக்கிறார். நான்தான் நிற்கவில்லை.

அவர் ஓய்வுபெற்றிருக்க வேண்டும். கையெழுத்து மாறியது. அதற்குப் பிறகு கையெழுத்துகள் அடிக்கடி மாறின. பக்கங்களில் அங்கங்கே எண் இருக்கும். மற்ற கட்டங்கள் காலியாக இருக்கும். சமீப வருடங்களுக்கு வர வர, சில மாதங்களில் வாரக் கணக்காகக் காலி.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஸ்டிக்கர் இல்லையென்றால் தப்பு இல்லை. எழுத்து இல்லையென்றால் மழை இல்லை. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். காலிப் பக்கம் வந்தால் சந்தோஷமாகக்கூட இருக்கும். சீக்கிரம் முடிந்துவிடும்.

என் கல்யாணத்து மழை

ஒரு நாள் மதியம் டைப் அடித்துக்கொண்டே போனதில் என் கல்யாண மாதம் வந்தது. யாராக இருந்தாலும் அந்தத் தேதியைத் தேடத்தான் செய்வார்கள். தேடினேன். அன்றும் காலி, மறுநாளும் காலி.

உடுமலைப் பக்கம் எங்கள் ஊரில் நடந்த என் கல்யாணத்தன்று மழை பெய்தது. பந்தல் துணி தண்ணீரில் தொங்கி, அதை ஒருவர் கம்பால் மேலே தள்ள, அவ்வளவும் பந்தியில் கொட்டியது. சாம்பார் ரசமானது. வெள்ளகோவிலில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் திருப்பத்தில் சேற்றில் சிக்கிக்கொள்ள, மாப்பிள்ளை வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நான் அவரை முதன்முதலில் சரியாகப் பார்த்ததே அந்தக் கோலத்தில்தான்.

புத்தியுள்ள ஒருத்தி அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்ததும் என்ன செய்திருப்பாள்? நான் பூஜ்யம் அடித்தேன். அடித்துவிட்டு அதற்குக் காரணமும் கண்டுபிடித்தேன். கல்யாணப் பந்தலுக்கும் மழைமானிக்கும் நாலைந்து மைல் தூரம். இங்கே பெய்து அங்கே பெய்யாமல் போயிருக்கும். எங்கள் பக்கத்தில் சாலைக்கு ஒரு பக்கம் மட்டும் நனைவது புதிதல்ல. அதுவும் போக, கல்யாணக் கதை என்றால் யாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். தூறலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன்: "நம்ம கல்யாணத்துக்கு மழையே பெய்யலீங்க. ரெக்கார்டுல பூஜ்யம்."

அவர் கட்டிங் மாஸ்டர். கத்தரிக்கோல் பிடித்துத் தடித்த விரல்களால் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான் எதுல நனைஞ்சேன்?" என்றார்.

"உங்களுக்கு ஞாபகம் பிசகியிருக்கும்" என்றேன்.

ஞாபகம் வேறு, ரெக்கார்டு வேறு

டைப்பிங் முடியும் தறுவாயில் மேடம் என்னைக் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டினார். பழைய வருடங்களில் நல்ல மழை. வர வர இறக்கம். "பாத்தியாம்மா? நான் நினைச்ச மாதிரியே வந்துட்டு" என்றார். எனக்கு மெய் சிலிர்த்தது. மழை குறைகிறது என்று உலகமே பேசுகிறது, ஆனால் அதை எண்ணாக அடித்தவள் நானல்லவா.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை முனகினால் போதும், பல்லடம் வரும் வரை அவளுக்கு வகுப்பு. அண்ணனுக்கு வாரம் மூன்று போன். "அங்க மழ பேஞ்சுதுங்களாண்ணா? பேயாதுங்கண்ணா. தோப்ப வெச்சுட்டு எத்தன நாளைக்கு இருப்பீங்க?"

அண்ணன் அதிர்ந்து பேசாதவர். ஒரு தடவைதான் எதிர்த்துச் சொன்னார். "நாலஞ்சு வருசம் முன்னால கெணறு வாய் வரைக்கும் நெம்புச்சே அம்மிணி. மோட்டார மேல தூக்கி வெச்சமே."

"அது உங்க ஞாபகமுங்கண்ணா. இது ரெக்கார்டு."

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். என் நங்கை சரஸ்வதி போனை வாங்கி, "கெணத்துல தண்ணி இருந்தது நெசம். நான் அதுல துணி தொவச்சிருக்கறேன்" என்றார். அவருக்குச் 'சராசரி' என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் பாதியில் குக்கர் விசில் அடிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். விசில் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

தோப்பை வாங்க ஆள் பிடித்துக்கொடுத்ததும் நான்தான். வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர், வீட்டுக்காரருக்குத் தூரத்துப் பங்காளி. இனி மழையே பெய்யாது என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே அதே நிலத்தைச் சொந்தக்காரர் தலையில் கட்டப் பார்க்கிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை. அது உறைத்தது மாதங்கள் கழித்து, பாத்திரம் கழுவும்போது.

இந்த நிலையில்தான் மண்டபம், சிவப்புக் கோடு, பட்டுப்புடவை எல்லாம். கூட்டம் முடிந்த வாரமே அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆடி கழிந்ததும் கிரயம் என்று பேச்சு.

எட்டரை மணி

கூட்டத்துக்குப் பிறகு அறிக்கையில் போடுவதற்காக மழைமானியைப் போட்டோ எடுக்க வேண்டும் என்று மேடம் கிளம்பினார். நானும் கூடப் போனேன். அத்தனை மாதம் எண்ணாகப் பார்த்ததை நேரில் பார்க்கும் ஆசை.

கம்பிவேலிக்குள் அந்த உருளை நின்றது. மேலே ஒரு முருங்கைக் கிளை நன்றாகக் குடை பிடித்திருந்தது. மேடம் அதைப் பார்த்து முகம் சுளித்துக் குறிப்பு எழுதிக்கொண்டார். பதிவேட்டைக் கொண்டுவந்தவர் ஐம்பதைத் தொட்ட அலுவலக உதவியாளர். நெற்றியில் திருநீறு, காதோரம் பேனா.

"தினமும் காலையில நீங்கதான் பாக்கிறீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"நான் இருந்தாப் பாப்பனுங்க மேடம். இதுக்குன்னு இருந்த போஸ்ட்டு நெம்ப வருசமாக் காலிங்க. என்னைய வேற வேலைக்குன்னு வெளிய அனுப்பிச்சா அன்னைக்குப் பாக்க முடியாதுங்க. லீவு நாள்ல கேட்டே பூட்டிக் கெடக்குமுங்க."

"பாக்காத நாளைக்கு என்ன எழுதுவீங்க?"

"ஒண்ணும் எழுத மாட்டனுங்க. காலியா உட்ருவனுங்க. பாக்காம எழுதுனா அது பொய்யாப் போயிருமுங்களே?"

மேடம் தலையாட்டிவிட்டு மழைமானியை இன்னொரு பக்கமிருந்து போட்டோ எடுக்கப் போனார். நான் பதிவேட்டை விட்டு நகரவில்லை.

"மழை பெய்யாத நாளைக்குங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பூஜ்யம் போடுவனுங்க. இங்க பாருங்க."

பார்த்தேன். எள்ளு மாதிரி குட்டிக் குட்டிப் பூஜ்யங்கள். காலிக் கட்டங்களுக்கு நடுவே அங்கங்கே இருந்தன. இவற்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன். உற்சாகம் இருக்கும் நாளில் மனிதர் பூஜ்யம் போடுகிறார், இல்லாத நாளில் சும்மா விட்டுவிடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

நங்கை துணி துவைத்த கிணறும் வீட்டுக்காரர் தூக்கிக் கட்டிய வேட்டியும் அந்த வெயிலில் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன.

மேடத்திடம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் சொல்லலாம் என்று இருந்தேன். பஸ்ஸில் அவர் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். கடலை தின்றுகொண்டே சொல்வது மரியாதையில்லை, பல்லடம் வரட்டும் என்று இருந்தேன். பல்லடம் வந்தது. திருப்பூர் வரட்டும் என்றேன். திருப்பூரும் வந்தது. "வரட்டுமாம்மா?" என்று மேடம் கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

மூன்று நாள் காரணங்கள் தேடினேன். போட்டோ மங்கல் என்று சொல்லலாம். சாஃப்ட்வேர் தானாகவே பூஜ்யம் போட்டுக்கொண்டது என்றுகூட நினைத்துப் பார்த்தேன். டி-ஷர்ட்டில் ஓட்டை போட்டுவிட்டு ஊசிமேல் பழி போடும் டெய்லர்களை நான் எப்படியெல்லாம் பேசியிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. நாலாம் நாள் மேடத்தின் கல்லூரிக்குப் போனேன்.

மேடத்தின் அறை

"மேடம், ஒரு ஆல்ட்ரேசன் இருக்குதுங்க" என்று ஆரம்பித்தேன்.

அவருக்குப் புரியவில்லை. "என்னது?"

"காலியா இருந்த கட்டத்துக்கெல்லாம் பூஜ்யம் அடிச்சுட்டனுங்க. மழை பெய்யாததுனால காலின்னு நெனச்சுட்டனுங்க. யாரும் போய்ப் பாக்காததுனால காலிங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். லேப்டாப்பில் ஒரு பக்கத்தின் போட்டோவைத் திறந்து, பக்கத்தில் நான் அடித்ததை வைத்துப் பார்த்தார். இன்னொரு பக்கம். இன்னொன்று. டீ வந்து ஆடை கட்டியது. என் செக்கிங் மேசைக்கு முன்னால் நின்ற டெய்லர்கள் எல்லாருக்கும் அந்த அரை மணி நேரத்தில் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

கடைசியில் அவர் நாற்காலியில் சாய்ந்து, "அங்க பாக்கதுக்கு ஆள் குறைஞ்சிருக்கு. அதை நாம மழை குறைஞ்சதுன்னு வரைஞ்சிருக்கோம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கைப்பையில் இருந்து கர்ச்சீப் என்று எடுத்தது பனியன் வேஸ்ட் துணி. திருப்பூர்க்காரிகள் கைப்பையில் அதுதான் இருக்கும். ஆரஞ்சுக் கலர் வேறு. அதில் முகத்தைத் துடைத்தேன்.

"அழாதம்மா. காலிக் கட்டத்துக்கு என்ன போடணும்னு நான் உனக்குச் சொல்லவே இல்லையே. அது என் தப்பு. கோடு கீழ இறங்குனதும் எனக்கும் சந்தோசம். நான் நினைச்சதுதான் வந்துட்டுல்லா, பிறகு எதுக்குத் திரும்பிப் பாக்கணும்னு விட்டுட்டேன்."

மூக்கைத் துடைத்ததும் நான் மறுபக்கத்துக்குத் தாவினேன். "அப்ப மழை கொறையலீங்களா மேடம்? எங்கண்ணன் சொன்னதுதான் சரிங்களா?"

"அதையும் சொல்ல முடியாதும்மா. உங்க அண்ணனுக்குக் கிணறு நிறைஞ்ச வருசம் ஞாபகம் இருக்கும். நிறையாத வருசம் ஞாபகம் இருக்குமா? ரெக்கார்டுக்கும் ஓட்டை, ஞாபகத்துக்கும் ஓட்டை. பக்கத்து ஊர்கள்ல இருக்க மழைமானியோட எல்லாம் சேத்து வச்சுப் பாக்கணும். அந்த முருங்கைக் கிளை எப்போ வளந்ததுன்னுகூடக் கேக்கணும்."

முழுவதையும் மறுபடி டைப் அடித்தேன். மாதக் கணக்கில். காலிக் கட்டங்களில் இந்த முறை 'பதிவு இல்லை'. என் கல்யாணத் தேதி வந்தபோது வீட்டுக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "மழ பேஞ்சது உனக்கே தெரியுமல்ல? போடு."

"எத்தன மில்லிமீட்டர் நனைஞ்சீங்கன்னு சொல்லுங்க, போடறேன்" என்றேன். அவர் டீ போடப் போய்விட்டார்.

மேடம் அதே மண்டபத்தில் இன்னொரு கூட்டம் போட்டார். இந்த முறை பாதி நாற்காலி காலி. நான் நூல் புடவையில் போனேன். திரையில் கோடே இல்லை, புள்ளிகள் மட்டும் இறைந்து கிடந்தன. நடந்ததை மேடம் ஒளிக்காமல் சொன்னார். பின்னால் ஒருவர் எழுந்து, "அப்ப மழ கொறஞ்சுதுங்களா, இல்லீங்களா?" என்றார். "இந்த ஒரு ரெக்கார்டை மட்டும் வச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார் மேடம். "இதச் சொல்றதுக்குங்களா வரச் சொன்னீங்க?" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

அண்ணன்

நான் முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். மறு டைப்பிங், இரண்டாம் கூட்டம் எல்லாம் பிற்பாடு. மேடத்தின் அறையில் அழுத மறுநாளே அண்ணன் தோப்புக்கு பஸ் ஏறிவிட்டேன். கிரயத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நங்கை கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்ப அந்தச் செவப்புக் கோடு?" என்றார் அண்ணன்.

"தப்புங்கண்ணா. நான் அடிச்ச பூஜ்யமுங்க."

"கெணறு நெம்புனது?"

"நெசமாத்தான் இருக்குமுங்க."

"அப்ப மழ கொறையல?"

"அதுவும் தெரியலீங்கண்ணா."

"தெரியும்னு சொன்னப்ப எப்புடிச் சொன்னே!" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்து வந்திருந்தேன். உடனே வெள்ளகோவிலுக்குப் போன் போட்டு, கிரயம் வேண்டாம் என்று சொல்லி, நங்கை காப்பி போட்டு, நான் கண் துடைத்து, இப்படியெல்லாம் பஸ்ஸில் ஓட்டிப் பார்த்திருந்தேன். அவரோ நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்து மெதுவாக எழுந்து மோட்டார் ரூம் பக்கம் நடந்துபோனார்.

நங்கை வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கண்ணனுக்கு மழ ஒரு சாக்கு அம்மிணி. முட்டி ரெண்டும் போச்சு. பத்து மரம் தாண்டி நடக்க முடியறதில்ல. வேலைக்கு ஆளு வெச்சாலும் கூட நின்னு பாக்கோணுமல்ல? முட்டி வலிக்குது, அதனால விக்கறேன்னு ஊருக்குள்ள சொல்லுவாரா? மழயே இல்ல, என்ற தங்கச்சி கம்ப்யூட்டர்ல கண்டுபுடிச்சிருக்குதுன்னா அது கௌரவமா இருந்துச்சு. இப்ப நீ வந்து அதையும் புடுங்கிட்டே."

ஒரு குடும்பத்தையே கெடுத்துவிட்டேன் என்று அழுதுகொண்டு வந்திருந்தேன். கெடுக்கும் அளவுக்குக்கூட நான் முக்கியமில்லை என்று தெரிந்தது.

வெள்ளகோவில்காரருக்கும் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "உங்க கோட்ட நான் பாக்கவே இல்லீங்க. போர்வெல்லுல தண்ணி எப்புடின்னு பாத்துட்டுத்தான் பேசுனனுங்க" என்றார் அவர். அதுவும் போயிற்று.

இரண்டு நாள் கழித்து அண்ணனே கூப்பிட்டார். மேற்கே இருக்கும் நாலு ஏக்கரை மட்டும் கொடுக்கப் போவதாகவும், வீட்டை ஒட்டிய மூன்று ஏக்கரை வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். வெள்ளகோவில்காரர் ஒத்துக்கொண்டாராம். நான் மழையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கோயமுத்தூர்ல முட்டி டாக்டர் ஒருத்தர் இருக்கறாருங்கண்ணா. நான் கூட வர்றனுங்க" என்றேன். அந்தப் பக்கம் அவர் நங்கையிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "செரி" என்றார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். அண்ணனைக் கட்டிலில் உட்காரவைத்து, முட்டியை மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். உள்ளே கரகரவென்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. டாக்டர் மேசைக்கு வந்து பேனாவை எடுத்தார்.

"எத்தனை நாளா வலி இருக்குங்கய்யா?"

"இப்பத்தானுங்க. ஒரு ரெண்டு மாசமா" என்றார் அண்ணன்.

"நாலு வருசமாச்சுங்க டாக்டர்" என்றார் நங்கை. "எங்க பையன் காலேஜ் சேரப் போனப்பவே நொண்டிட்டுத்தான் வந்தாரு."

"அது முள்ளுக் குத்துனது."

"முள்ளு ரெண்டு கால்லயுமா குத்துச்சு?"

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க யாருங்கம்மா?"

"தங்கச்சிங்க."

"நீங்க சொல்லுங்க. எப்ப இருந்து?"

அந்த ஒரு வருடத்தில் அண்ணனுக்கு எத்தனை போன் செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வானத்தைப் பற்றித்தான் கேட்டிருந்தேன்.

"எனக்குத் தெரியலீங்க டாக்டர்" என்றேன். "நான் கேட்டதே இல்லீங்க."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேட்டியை முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "நாலு வருசமுங்க டாக்டர்" என்றார்.